சிவப்பு நூல் பாக்கி

சென்னையில் கம்பளிக் கையுறை வைத்திருக்கும் குடும்பம் என்ற வகையில் எங்கள் ஃப்ளாட்ஸில் எங்களுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. போன அக்னி நட்சத்திரத்தில் ஈ.பி. ரீடிங் எடுக்க வந்தவர், ஷோகேஸில் அதைப் பார்த்துவிட்டு, "ஸார் மிலிட்டரியா?" என்றார்.

"இல்லைங்க, பி.காம்."

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து என் மனைவிதான் குரல் கொடுத்தாள். "ஐயாயிரத்து நானூறு ரூபாய்னு சொல்லுங்க!"

அந்தக் கையுறை வந்த கதையை என் மச்சினனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அவன் எஸ்டோனியாவில் சாஃப்ட்வேர் எழுதுகிறான். எஸ்டோனியா என்று முதலில் சொன்னபோது நான் ஏதோ ரத்த அழுத்த மாத்திரை என்றுதான் நினைத்தேன். ரஷ்யாவுக்கு மேற்கே, ஃபின்லாந்துக்குத் தெற்கே, கடலோரமாக ஒரு நாடு. தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். ஜனத்தொகை பதினான்கு லட்சத்துக்கும் கீழே. அதாவது நம் தி.நகரில் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டையே கொண்டுவந்து விட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் 2005-லிருந்து இன்டர்நெட்டில் ஓட்டுப் போடுகிறார்கள். ஸ்கைப் என்று ஒன்று இருந்ததே, அதன் புரோகிராமை எழுதியதும் இந்த ஊர்ப் பையன்கள்தான். "வாங்க மாமா, வந்து பாருங்க" என்று இரண்டு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். 2023 ஜூனில் டிக்கெட்டையே அனுப்பிவிட்டான்.

புறப்படும்போது மனைவி ஒரு ஃபுல்ஸ்கேப் பேப்பரில் லிஸ்ட் கொடுத்தாள். அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

அம்மாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அவள் புடவை எடுப்பது ஒரு தனிக் கலை. கடைக்காரர் நாற்பது புடவையை விரித்துப் போட்ட பிறகு, "அந்த மூணாவது அடுக்குல, அரக்கு, கீழேர்ந்து ரெண்டாவது" என்று விரலை நீட்டுவாள். சின்ன வயசில் தலையணை உறையில் அன்னப்பறவை எம்ப்ராய்டரி போட்டுப் பழகிய கை. எந்தத் துணியையும் முதலில் பின்பக்கம் திருப்பித்தான் பார்ப்பாள்.

2016-ல் அப்பா போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில், கலர் புடவைகளையெல்லாம் அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டி ஒன்றில் மூட்டை கட்டி பீரோவின் மேல்தட்டில் ஏற்றிவிட்டாள். அதற்கப்புறம் பிஸ்கெட் கலர், சாம்பல் கலர், மழை வரும்போல இருக்கிறதே என்கிற கலர். யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை. யாரும் வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. பெரியத்தை அவள் நெற்றியைத் துடைத்துவிட்டபோது நான் பக்கத்து அறையில் சாமியானா, நாற்காலி வாடகை பில்லைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது ரூபாய் அதிகம் போட்டிருந்தான். கண்டுபிடித்துவிட்டேன்.

நிற்க. டாலினுக்கு வருவோம். எஸ்டோனியாவின் தலைநகரம்.

நான் போய் இறங்கிய சமயம் அங்கே இளைஞர்களின் பாட்டு, நடனத் திருவிழா. ஜூலை ஆரம்பம். சிறுவர்களும் சிறுமிகளும் ஆயிரக்கணக்கில் ஊர்வலமாகப் போகிறார்கள். ஒவ்வொரு கோஷ்டிக்கும் ஒரு பாவாடை. கோடு போட்ட கம்பளிப் பாவாடை. ஒரு கோஷ்டிக்குச் சிவப்பில் மெல்லிய பச்சைக் கோடு, அடுத்ததற்கு ஆரஞ்சில் மஞ்சள், அதற்கடுத்து நீலம். சில பெண்களின் மார்பில், கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி பெரிய வெள்ளி ப்ரோச். நாட்டின் தென்கிழக்குக் கோடியில் செட்டோ என்று ஒரு பகுதி. அவர்கள் நடந்தால் வெள்ளிச் சங்கிலிகளின் சத்தம் ஆளுக்கு முன்னால் வருகிறது.

"ஸ்கூல் யூனிஃபாரம் நல்லாத்தான் இருக்கு" என்றேன் நான்.

பக்கத்தில் நின்ற அம்மாள் சிரித்துவிட்டார். மச்சினன் ஆபீஸில் அக்கவுண்டன்ட். ஐம்பது வயசு இருக்கும். ட்ரயல் பேலன்ஸ் ஒத்துவராத ராத்திரிகளைப் பற்றிப் பேசிப் பத்தே நிமிஷத்தில் சிநேகமாகிவிட்டோம். உலகம் பூரா எங்கள் ஜாதி ஒன்றுதான்.

அவர் சொன்னார். அது யூனிஃபாரம் இல்லை, விலாசம். பழைய எஸ்டோனியாவில் ஒரு சர்ச், அதைச் சுற்றி நாலைந்து கிராமம் சேர்ந்தால் ஒரு பாரிஷ். அப்படி நூற்றுக்கு மேல். ஒவ்வொரு பாரிஷுக்கும் பாவாடையில் கோடு வேறு, சட்டையில் பூ வேலை வேறு, தொப்பி வேறு. விவரம் தெரிந்தவர்கள் பத்தடி தூரத்திலிருந்தே, இந்தப் பெண் எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள்.

"ஏப்ரன் மட்டும் ஏன் டீச்சருங்களுக்கு இருக்கு, பொண்ணுங்களுக்கு இல்ல? பட்ஜெட் பிரச்னையா?"

"ஏப்ரன் கட்டினா கல்யாணம் ஆயிடுச்சுன்னு அர்த்தம்."

கல்யாணத்தன்று மணப்பெண்ணின் தலையில் 'தனு' என்று ஒரு துணித் தொப்பி வைத்து, இடுப்பில் ஏப்ரன் கட்டுவார்களாம். அதுதான் அவர்களுடைய தாலி, மெட்டி எல்லாம். அதன் பிறகு தலைமுடி வெளியே தெரியக் கூடாது, ஏப்ரன் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. கல்யாணத்துக்கு முன் தலையில் பூ வளையமோ பட்டையோ போதும். இன்னொரு வேடிக்கை. புது ஏப்ரனில் ஓட்டை போட்டுவிட்டு, ஒட்டுப் போட வேண்டும் என்று சொல்லி விருந்தாளிகளிடம் காசு கேட்பார்களாம். ஓட்டை போட்டு வசூலிக்கிற மொய்! நம் ஊரில் இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மச்சினன் (வயசு 29, ஜாதகம் மூன்று வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது) என் காதோரம் வந்து சொன்னான். "ரெண்டு வருஷமா இங்க இருக்கேன் மாமா. இந்த ஏப்ரன் மேட்டரை எனக்கு யாருமே சொல்லலை."

அக்கவுண்டன்ட் அம்மாள் கட்டியிருந்தது நல்ல சிவப்பு. செம்பருத்திச் சிவப்பில் கறுப்பு, நீலம், பச்சைக் கோடுகள். முன்னால் ஏப்ரன். அவர் அம்மா கிஹ்னு என்கிற தீவுக்காரராம். "கிஹ்னு மட்டும் வேற கதை. அங்க நீங்க நேர்ல வந்து பாக்கணும்" என்றார். அடுத்த வாரம் சித்தி வீட்டுக்குப் போகும்போது அழைத்துப் போவதாக ஏற்பாடு.

நடுவில் ஒருநாள் டார்ட்டு என்ற ஊருக்கு பஸ் ஏறினோம். எஸ்டோனிய தேசிய மியூசியம் அங்கேதான். சுமார் 350 மீட்டர் நீளத்துக்குக் கண்ணாடியும் கான்க்ரீட்டுமாக, சாய்த்து வைத்த பெட்டி மாதிரி ஒரு கட்டடம். சோவியத் காலத்தில் அந்த இடம் குண்டுவீச்சு விமானங்களின் தளம். வெளிநாட்டுக்காரன் டார்ட்டுக்குள் ராத்தங்கவே முடியாது. அந்தப் பழைய ரன்வேயின் முனையிலேயே 2016-ல் இந்தக் கட்டடத்தைத் திறந்திருக்கிறார்கள்.

உள்ளே இருப்பது பெரும்பாலும் பாட்டிகளின் துணி. நான் கேலி பண்ணவில்லை. 1907-ல் யாக்கோப் ஹுர்ட் என்று ஒரு பாதிரியார் காலமானார். நாடு முழுக்க நாட்டுப்பாடல்களைச் சேகரிக்கச் செய்தவர். அவர் நினைவாக 1909-ல் மியூசியத்தை ஆரம்பித்தபோது வைப்பதற்கு அவ்வளவாக ஒன்றும் கிடையாது. ஓவியர்களும் காலேஜ் மாணவர்களும் கிராமம் கிராமமாக, வீடு வீடாகப் போய் பழைய பாவாடை, சட்டை, கரண்டி, பீர்க் குவளை என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறார்கள். ஏனென்றால் அதற்குள் எல்லோரும் டவுன் டிரெஸ்ஸுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பம் வரை ஜெர்மன் ஜமீன்தார்களிடம் அடிமைக் குடியானவர்களாக இருந்த ஜனங்கள். கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், 'குடியானவத் துணி' எவனுக்கு வேண்டும்? நாம் மட்டும் என்ன, வேட்டியை எப்போது கட்டுகிறோம்? விழா என்று ஒன்று வந்ததால்தான் அந்தத் துணி பிழைத்தது. முதல் பாட்டுத் திருவிழா 1869-ல், இதே டார்ட்டுவில். மேடையில் பாடியது முழுக்க ஆண்கள்!

பிறகு சோவியத் ஆட்சி வந்தது. நீலம், கறுப்பு, வெள்ளை தேசியக்கொடிக்குத் தடை. ஆனால் மேடையில் பாரம்பரிய உடைக்குத் தடையில்லை. பாட்டி பாவாடையில் என்ன அரசியல் இருந்துவிடப் போகிறது என்று நினைத்திருப்பார்கள். 1981-ல் கார்மா, வோல்மா என்ற இரண்டு பெண்மணிகள் பாரிஷ் வாரியாக உடைகளை வரைந்து தடிமனாக ஒரு புத்தகம் போட்டார்கள். இன்றைக்கும் உடை தைக்கிற வீடுகளில் அதைப் புரட்டுகிறார்கள். 1988-ல் பாடிப் பாடியே சுதந்திரம் கேட்கக் கிளம்பி, 1991-ல் வாங்கியும் விட்டார்கள்.

மியூசியத்தில் நான் அசந்து நின்றது இரண்டு இடத்தில். ஒன்று, முஹு என்ற தீவின் எம்ப்ராய்டரி. கறுப்புக் கம்பளித் துணி. அதில் கம்பளி நூலால் கசகசாப் பூ, டெய்ஸி, ஸ்ட்ராபெர்ரி. ஒரு இதழுக்குள்ளேயே சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக ரோஸாகி, ரோஸ் ஆரஞ்சாகி வருகிறது. பவுடர் சாயம் கடைக்கு வந்த புதிதில் முஹு பெண்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டதாம். அதில் ஒரு ரோஸுக்கு முஹு ரோஸ் என்றே பெயர். நம் பஞ்சுமிட்டாய் அதன் முன்னால் சந்நியாசி. செருப்பு, காலுறை, போர்வை, எதையும் விட்டு வைக்கவில்லை. வருஷத்தில் பாதி நாள் வெயில் கண்ணில் படாத ஊரில் மனுஷர்கள் வேறு என்ன செய்வார்கள்?

இன்னொன்று, மணப்பெண்ணின் சீர்ப்பெட்டி. இதில் சீர் தலைகீழ். பெண் பத்துப் பன்னிரண்டு வயசிலிருந்தே பின்ன ஆரம்பிக்க வேண்டும். கையுறை, காலுறை, இடுப்புப் பட்டை, டஜன் கணக்கில். கல்யாணத்தன்று மாமியார், நாத்தனார், வண்டி ஓட்டினவர் என்று புருஷன் வீட்டு ஜனம் பூராவுக்கும் தன் கையால் பின்னியதைக் கொடுக்க வேண்டும். அதோடு முடிந்ததா? புது வீட்டுக் கிணற்றுக்கு ஒரு பட்டை, மாட்டுத் தொழுவத்துக்கு ஒரு ஜோடி கையுறை என்று அவற்றுக்கும் வைக்க வேண்டும். அஃறிணைக்கும் பாக்கி வைக்காத அக்கவுண்ட். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கையுறை ஒன்றை உற்றுப் பார்த்தேன். வெள்ளையில் கருநீலத்தில் நட்சத்திரம், மணிக்கட்டில் மட்டும் சிவப்பு. இதைப் பின்னிய பெண்ணுக்கு மாமியார் என்ன சொல்லியிருப்பாள்? நிச்சயம் பின்பக்கம் திருப்பிப் பார்த்திருப்பாள்.

கிஹ்னுவுக்கு பேர்னு என்ற கடற்கரை ஊர் வழியாக, படகில் ஒரு மணி நேரம். குறுக்கும் நெடுக்கும் நடந்தே தாண்டிவிடலாம், பதினாறு சதுர கிலோமீட்டர்தான். அறுநூறு பேர் சொச்சம். ஆண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போய்விடுவார்கள். கீல்நாய் வேட்டை, மீன், கப்பல் வேலை. நிலம், மாடு, பிள்ளைகள், கல்யாணப் பாட்டு எல்லாம் பெண்கள் பொறுப்பு. யுனெஸ்கோ 2003-லேயே இந்தத் தீவின் வாழ்க்கையை மனிதகுலத்தின் பாரம்பரியம் என்று அறிவித்திருக்கிறது.

படகுத்துறையில் இறங்கியதும் முதல் காட்சி: அறுபது வயசுப் பாட்டி ஒருவர், கோடு போட்ட கம்பளிப் பாவாடை, தலையில் பூப்போட்ட ஸ்கார்ஃப், ஸைட்-கார் வைத்த பழைய மோட்டார் சைக்கிளை உதைத்து ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு பறந்தார். விழாவுக்காக இல்லை. பால் வாங்கவோ தபால் ஆபீசுக்கோ. அங்கே அந்தப் பாவாடைதான் நித்தியப்படி உடை.

கிட்டத்தட்ட 'கோர்ட்' என்றுதான் அதை உச்சரிக்கிறார்கள். இழுத்தடிப்பதில் மட்டும் நம் கோர்ட்டோடு ஒற்றுமை உண்டு. குளிர்காலம் பூராவும் உட்கார்ந்து தறியில் நெய்து, பிறகு நெருக்கமாகக் கொசுவம் பிடித்துத் தைக்க வேண்டும்.

சித்திக்கு எழுபது இருக்கும். வாசலுக்கு வந்து கையைப் பிடித்து அழைத்துப் போய் ரை ரொட்டியும் புகையில் வாட்டிய மீனும் வைத்தார். அவர் கட்டியிருந்த பாவாடை மட்டும் கருநீலம். கிட்டே போனால்தான் தெரிந்தது, அதில் அங்கங்கே நூலிழை மாதிரி மெலிசாகச் சிவப்புக் கோடு. மருமகளோ பளீர் சிவப்பு.

டாலினில் பாடம் படித்த மிதப்பில் நான், "இது வேற பாரிஷா?" என்று கேட்டேன்.

அக்கவுண்டன்ட் அம்மாள் ஒரு நொடி தயங்கிவிட்டு மொழிபெயர்த்தார். சித்திக்குக் கோபம் வரவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு பாவாடையை எடுத்துப் போட்டார். முழுக் கறுப்பு. ஒரு சிவப்பு இழை கிடையாது. அதன் பக்கத்தில், தான் கட்டியிருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார். புருஷன் இறந்து மூன்று வருஷம். முதலில் அந்தக் கறுப்பு. அப்புறம் இந்த நீலம். பெட்டியின் அடியிலிருந்து மூன்றாவதாக எடுத்தது பாவாடை இல்லை, நூல். சாயம் போட்ட கம்பளி நூல்கண்டுகள். அதில் பாதி சிவப்பு.

துக்கத்துக்கும் அங்கே பாவாடை உண்டு. ஆனால் அது ஒரே பாவாடை இல்லை. கறுப்பில் ஆரம்பித்து, நாள் போகப் போக அடுத்தடுத்த பாவாடையில் சிவப்பு ஒவ்வொரு கோடாகத் திரும்பி வருகிறது. எதிரே வருகிறவர்கள் வாய் திறந்து விசாரிக்கவே வேண்டாம். பாவாடையைப் பார்த்தாலே போதும், இவளிடம் இன்றைக்கு ஜோக் அடிக்கலாமா, கூடாதா என்று தெரிந்துவிடும். வயசானால் நீலம் கொஞ்சம் கூடும் என்பது வேறு விஷயம். எங்கள் பாஷையில் சொன்னால், நஷ்டத்தை மொத்தமாக ஒரே வருஷத்தில் எழுதித் தீர்க்காமல் வருஷா வருஷம் கொஞ்சமாகத் தள்ளுகிற முறை. பி.காம். இரண்டாம் வருஷத்தில் இதற்குப் பதினாறு மார்க் கேள்வி உண்டு. ஆனால் பெண்கள் உட்கார்ந்து அந்த லெட்ஜரைத் தாங்களே நெய்துகொள்வார்கள் என்று எந்த ப்ரொஃபசரும் சொல்லவில்லை.

"அடுத்த பாவாடை எப்ப?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

சித்தி ஜன்னல் வழியாக வெளியே கையைக் காட்டி ஏதோ சொன்னார். அக்கவுண்டன்ட் அம்மாளுக்குச் சிரிப்பு. "முதல்ல உருளைக்கிழங்கு தோண்டணுமாம். அப்புறம் பாக்கலாம்ங்கறாங்க."

புறப்படும்போதுதான் கையுறை. சித்தியே பின்னியது. மியூசியத்தில் பார்த்த அதே ஜாதி. விலை அறுபது யூரோ. பழக்க தோஷத்தில் நான் ஐம்பதுக்குக் கேட்டேன். சித்திக்கு இங்கிலீஷ் தெரியாது; ஆனால் பேரம் எல்லா பாஷையிலும் ஒன்றுதானே. என் கையைப் பிடித்து, கையுறையை மாட்டி, உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். அறுபதை எண்ணி வைத்துவிட்டேன்.

வீட்டில் சூட்கேஸைத் திறந்ததும் மனைவி அதை யூரோவிலிருந்து ரூபாய்க்கு மாற்ற எடுத்துக்கொண்ட நேரம் நாலு விநாடி. அதற்குப்பின் நடந்த உரையாடல் வாசகர்களுக்குப் பழக்கமானதுதான், விட்டுவிடலாம். அம்மாதான் கையுறையை வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல் உள்பக்கத்தை வெளியே திருப்பினாள். உள்ளே கருநீல இழைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக ஓடியிருந்தன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து இன்னொரு தடவை பார்த்தாள்.

"முடிச்சே தெரியலை பாரு. யார் போட்டது?"

சொன்னேன். படகு, ஸைட்-கார் பாட்டி, மூன்று பாவாடை, பெட்டி அடியில் இருந்த நூல். எல்லாம் சொன்னேன். சாமியானா பில் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். நாற்பது ரூபாயில் ஆரம்பித்து எங்கே கொண்டுபோய் முடிப்பது என்று தெரியவில்லை. அம்மா கேட்டுக்கொண்டே கையுறையை மறுபடி நேராகத் திருப்பி, ஒவ்வொரு விரலாக நீவி, ஷோகேஸில் கொண்டுபோய் வைத்தாள்.

அதற்கப்புறம் ஒரு புதுத் தொல்லை. மாதம் ஒரு தடவையாவது, ரசம் பரிமாறும்போதோ நான் பேப்பர் படிக்கும்போதோ, திடீரென்று கேட்பாள். "அந்தம்மா உருளைக்கிழங்கு தோண்டியாச்சாமா?"

நான் மச்சினனுக்கு எழுதுவேன். அவன் அக்கவுண்டன்ட் அம்மாளைக் கேட்பான். பதில் வரும். தோண்டியாச்சு. தறி போட்டாச்சு. சித்திக்கு இடுப்பு வலி, நிறுத்தி வைத்திருக்கிறார். 2024 மார்ச்சில் ஒரு போட்டோ வந்தது. பனி போர்த்திய முற்றம், சித்தி நிற்கிறார், புதுப் பாவாடை. நீலம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நீலத்துக்கும் பக்கத்தில் விரல் அகலத்துக்குச் சிவப்பு.

அம்மா என் செல்லை வாங்கி, தூர வைத்துப் பார்த்தாள், கிட்ட வைத்துப் பார்த்தாள். "பெருசு பண்ணு" என்றாள். பண்ணினேன். பாவாடையின் ஓரத்தை மட்டும் ரொம்ப நேரம் பார்த்தாள். "கொசுவம் நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு செல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பால்கனி பூராவும் கலர். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து. அப்பாவின் வேட்டி காலியாக மடித்து நாற்காலியின் மேல் இருந்தது.

"பூச்சி அரிச்சுடும்னு வெயில்ல போட்டேன்" என்றாள் நான் கேட்காமலே.

"சரிம்மா."

ராத்திரி எல்லாவற்றையும் அவளே மடித்து பீரோவில் ஏற்றினாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். காலையில் பல் தேய்க்கப் போகும்போது பார்த்தேன். அவள் அறைக் கொடியில், தினப்படி கட்டுகிற சாம்பல் கலர் இரண்டுக்கும் நடுவில், அந்த அரக்கு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவியும் பார்த்துவிட்டாள். வாயில் பிரஷ்ஷோடு நான் கையைக் காட்ட, ஒன்றும் கேட்காதே என்று அவள் எனக்குக் கண்ணைக் காட்டினாள்.